பொருட்காட்சிக்குக் கட்டிய புளிச்சோறு

எனக்குக் கோதுமை ஆகாது என்று தெரிந்தபோது எனக்கு ஒன்பது வயது. எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஓர் இரும்புக் கம்பெனியில் நைனாவுக்கு வேலை கிடைத்து, அங்கேயே ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அப்பாவை நானும் அண்ணனும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா எங்களுக்குக் கூப்பிடு தூரம்.

சோறு தின்கிற ஊரில் கோதுமை ஆகாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னபோது அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் தெரிந்தது. ரேஷனில் அரிசி பாதி, கோதுமை பாதி. பள்ளிக்கூடத்தில் மதியம் கோதுமை உப்புமா. காய்ச்சல் வந்தால் ரொட்டி, விருந்தாளி வந்தால் பிஸ்கட், கல்யாணத்துக்குப் போனால் கேசரி. இதையெல்லாம் தின்றுதான் என் வயிறு பானையாகவும் கைகால் குச்சியாகவும் ஆகியிருந்தன. வாரத்தில் நான்கு நாள் பேதி.

அம்மா அன்றைக்கே வீட்டிலிருந்த கோதுமையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கில் சோறு கட்டி அனுப்பினாள். எனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி. இரண்டு மாதத்தில் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. பிறகு ஒருநாள் லேசாக வயிறு வலித்தது. என்ன ஆனதோ, அன்றிலிருந்து மறுபடியும் தினமும் வயிற்றுவலி, மறுபடியும் பேதி.

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாப்பா உங்களுக்குத் தெரியாம எதையோ வாங்கிச் சாப்பிடறா. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா வார்டுல சேர்த்துடுங்க. ஒரு மாசம் நாங்க கண்ணெதிர்ல வெச்சுப் பார்க்கறோம்" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டிலும் 'திருட்டுத் தீனி' என்று தமிழில் எழுதினார்.

அந்த வார்டை நான் எட்டிப் பார்த்திருந்தேன். சாயந்திரம் ஒரு மணி நேரம்தான் அம்மாக்களை உள்ளே விடுவார்கள். மணி அடித்ததும் இருபது முப்பது பிள்ளைகள் சேர்ந்தாற்போல் அழும். அந்தச் சத்தம் அந்த மாதம் முழுக்க என் காதிலேயே இருந்தது.

நான் எதையும் திருடித் தின்னவில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் அம்மா நம்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலிலேயே நிறுத்துவாள். "வாயத் தொற." மோந்து பார்ப்பாள். "கையக் காட்டு." அதையும் மோந்து பார்ப்பாள். டீக்கடைப் பொறை ரொட்டியின் வாசனை வருகிறதா என்று சோதனை. எனக்கும் ரோஷம் கொஞ்ச நஞ்சமல்ல. ஒருநாள் வாயைத் திறந்து அவள் விரலைக் கடித்துவிட்டேன். முதுகில் இரண்டு விழுந்தது. அன்று ராத்திரியும் வயிறு வலித்தபோது அதே விரலால்தான் மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள். வயிற்றுவலி என்றால் எங்கள் வீட்டில் முதல் மருந்து அதுதான். எனக்குத் தினமும் வலி, ஆகவே தினமும் பெருங்காய மோர்.

இந்த லட்சணத்தில்தான் பொங்கல் லீவுக்குப் பட்டணத்துப் பொருட்காட்சி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய தேதிக்கு இன்னும் பத்து நாள். வார்டில் போடுவதற்கு முன்னால் பிள்ளை ராட்டினம் ஏறட்டுமே என்று நைனா நினைத்திருக்க வேண்டும். அவர் அப்படிச் சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டு வந்து, "நாளைக்கு எல்லாரும் போறோம்" என்றார், அவ்வளவுதான்.

அம்மா விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கிளறினாள். வெளியூர் போகிற சோறு, வயிற்றைக் கெடுத்துவிடக் கூடாது என்று வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் பெருங்காயம் போட்டாள். ஒரு பாட்டிலில் மோர், அதிலும் பெருங்காயம். பாசஞ்சர் ரயிலில் எங்கள் கூடையின் வாசனை பெட்டி முழுக்க அடித்தது.

பொருட்காட்சியில் அம்மாவோடு நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கடையிலும் நின்று, "இதுல கோதும கீதா?" என்பாள்.

மிளகாய் பஜ்ஜிக்காரர், "கோதுமையா? சேச்சே, கடலமாவும்மா. மொறுமொறுப்புக்குக் கொஞ்சம் மைதா" என்றார். மைதாவும் கோதுமையும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியாது. ஆறு மாதம் முன்பு எங்களுக்கும் தெரியாது.

முறம் அகலத்துக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவரிடம், "இது இன்னா மாவு?" என்று கேட்டாள்.

"அப்பள மாவு."

"அதான் இன்னா மாவுன்றேன்?"

"அப்பளத்துக்கு அப்பள மாவுதாம்மா. துன்றதுன்னா துன்னு, இல்லாங்காட்டி வழிய வுடு, பேஜாரு பண்ணாத" என்றார் அவர்.

அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, எந்நேரமும் பசிக்கிற வயது. அப்பளத்தைப் பார்த்து எச்சில் விழுங்கினான். நைனா வாங்கித் தரட்டுமா என்றதற்கு, "வேணாம் நைனா, அவளுக்கு இல்லாதது எனக்கு இன்னாத்துக்கு?" என்றான். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கடைசியில் பஞ்சு மிட்டாய்க்காரர் சக்கரையைக் கொட்டுவதிலிருந்து குச்சியில் சுற்றுவது வரை அம்மா குனிந்து நின்று பார்த்து, சக்கரையும் சாயமும் தவிர வேறொன்றுமில்லை என்று தெரிந்தபிறகு, எல்லோருக்கும் வாங்கச் சொன்னாள். நான்கு பேரும் நாக்குச் சிவக்கத் தின்றோம். அந்த நாளில் அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். கொஞ்ச நேரத்தில் வயிறு முறுக்க ஆரம்பித்தது. சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. சுருண்டு படுத்துவிட்டேன்.

அம்மா என்னைத் தூக்கி நிறுத்தி, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என் வாயை மோந்து பார்த்தாள். மூடியிருந்த கையைப் பிரித்துப் பார்த்தாள். "இன்னாடி துன்ன? எப்பத் துன்ன? நான் கூடவே சுத்திக்கினு கீறேன், எப்படிடி துன்ன?" என்று கேட்டவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு பாட்டிலைத் திறந்து மோரைக் குடிக்க வைத்தாள். நைனா ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி வார்டுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை. கோபம்தான் வந்தது. கூடவே நின்று பார்த்தவளும் நம்பாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

வெளியே போகிற வழியில் ஒரு பெருங்காயக் கடை. அம்மாவின் கால் தானாக நின்றது. வீட்டு டப்பா தீர்ந்துபோயிருந்தது, என் புண்ணியத்தில்தான். ஒரு பெரிய டப்பாவாகக் கேட்டாள்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னா, இங்க மட்டும் கேக்கல? அப்பளத்தாண்ட கேட்ட, பஞ்சு முட்டாயாண்ட கேட்ட, இங்கயும் கேளு, இதுல கோதும கீதான்னு!" என்று கத்தினேன். வேண்டுமென்றே அவள் குரல் மாதிரியே கத்தினேன். அண்ணன் களுக்கென்று சிரித்தான். அம்மா கையை ஓங்கினாள்.

"இருக்கே பாப்பா" என்றார் கடைக்காரர்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"இன்னான்ற?"

"மைதா போட்டுத்தாம்மா பிசையறோம். கம்பெனில நானே பிசையறவன், பொருட்காட்சின்னு இங்க நிக்க வெச்சிக்கீறாங்க. காபூல்லேர்ந்து வர பெருங்காயப் பாலைத் தனியா வாயில வெச்சா நாக்கு பொத்துப்புடும். மைதாவும் பிசினும் சேத்தாத்தான் கட்டியாவும். பாதிக்கு மேல மாவுதான்" என்றார். அவர் விரல் இடுக்குகளில் காய்ந்த மாவு ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அம்மா டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே, மண்ணில், உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நைனாதான் விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் என்னைப் பார்த்து, "ஐயோ பாவம், கொழந்த" என்றார். வியாபாரம் போயிற்றே என்ற வருத்தம் அவர் முகத்தில் துளியும் இல்லை. கலப்பே கிடையாது என்று ஒரு பொய் சொல்லி விற்றிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ! எங்கள் வயிற்றில் பால் வார்த்தவர் அவர். எங்கே இருந்தாலும் அவர் குலம் நன்றாக இருக்கட்டும்.

எனக்கு அந்த நிமிஷம் ஜெயித்த சந்தோஷம்தான். நான் சொன்னேன் பார், நான் சொன்னேன் பார் என்று குதித்தேன். நைனா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போய் ராட்டினத்தில் ஏற்றினார். வயிற்றுவலியோடுதான் ஏறினேன். மேலே போனபோது கீழே அம்மா இன்னும் மண்ணிலேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது.

திரும்பி வரும்போது, ரயில் பொன்னேரி தாண்டியதும் அம்மா தன் வலது கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "தெனமும் உன் கைய மோந்து பாத்தேனே, என் கைய ஒரு நாளாவது பாத்தேனா?" என்றாள். எங்கள் வீடுகளில் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் கிடையாது. நான் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன்.

அன்றோடு எங்கள் வீட்டில் பெருங்காயம் நின்றது. ரசத்துக்குப் பெருங்காயம் இல்லாமல் சோறு இறங்காத நைனா, பூண்டு ரசத்தைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் குடித்தார்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலி நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. டாக்டரம்மா என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, திருட்டுத் தீனியை விட்டுட்டா போலிருக்கு" என்றார்.

டாக்டர்கள் முன்னால் அம்மா எப்போதும் நின்றுகொண்டு, தலையை மட்டும்தான் ஆட்டுவாள். அன்று வாயைத் திறந்தாள். "எம் பொண்ணு எதையும் திருடித் துன்னல, டாக்டரம்மா. நாந்தான் குடுத்தேன். என் கையால, மோருல கரைச்சி, தெனமும் நாந்தான் குடுத்தேன். அந்தச் சீட்டுல எழுதிக்கினீங்களே, அத அடிச்சிடுங்க" என்றாள்.

டாக்டரம்மா பேனாவை எடுத்து அடித்தார். அடித்துவிட்டாரா என்று அம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் பார்த்தாள். நான் படித்துப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினேன்.