முப்பத்தேழாம் நம்பர் பஸ்ஸும் வீட்டுக் காரும்

பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் எல்லோரும் அவரைக் கட்டிங்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணியை நாற்பது அடுக்காக விரித்து, மின்கத்தியால் ஒரே ஓட்டில் வெட்டுவது அவர் வேலை. இருபத்தாறு வருடத்தில் விரலில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தக் கைக்கு ஸ்டியரிங் மட்டும் வசப்படவில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே ஐம்பத்தைந்து வயதில்தான். வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. காலை ஏழு மணிக்குப் படுக்கை, பதினொன்றுக்கு விடுதலை. அந்த நாள்களில் கட்டிங்கக்காவுக்குக் கூடத்தில் மதியம் ஒரு மணிக்குத்தான் வேலை. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டிய மனிதர் அவர். பார்வை மங்கியதால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வருடத்துக் கார் வாசலில் சும்மா நின்றது. ஐந்து மாதம் பஸ்ஸில் போய் வந்தார்கள். ஒருநாள் திரும்பும்போது கூட்டத்தில் நான்கு ஸ்டாப் வரை அவர் நின்றுகொண்டே வந்தார். இது வெளியூரில் இருக்கும் மகன் காதுக்கு எட்டிவிட்டது.

"வீட்டுல காரை வச்சுக்கிட்டு அப்பாவை பஸ்ல நிக்க வைக்கிறீங்களேம்மா! நீங்க கத்துக்குங்க. நாப்பது அடுக்குத் துணி வெட்டுறவங்களுக்கு இது ஒரு பெரிய வேலையா?"

இருபத்தெட்டு வகுப்பு போனார். மூன்றாவது தேர்வில் தேறினார். ஆனால் வலப்பக்கம் திரும்பமாட்டார். எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே புகுந்து திரும்புவதை நினைத்தாலே பயம். அதனால் இடப்பக்கமே திரும்பித் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு வழியைத் தானே கண்டுபிடித்து வைத்திருந்தார். மற்றவர்களுக்கு இருபத்தொரு நிமிடம் ஆகும் தூரம், அவருக்கு இருபத்தொன்பது.

"உன்கூட வந்தா டிக்கெட் இல்லாம ஊரைச் சுத்திப் பாத்துடலாம்" என்றார் வீட்டுக்காரர். அது முதல் நாள். அன்றே, "பிரேக்! பிரேக்க மிதி! ஐயோ, அது கிளட்ச்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கார் நடைபாதை விளிம்பில் ஏறி நின்றது. கட்டிங்கக்கா என்ஜினை அணைத்தார்.

"இந்தா பாருங்க. கதவு சாத்தினதுலேர்ந்து திறக்கிற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினீங்கன்னா நான் இறங்கி நடந்து போயிடுவேன்."

"நான் கிரேன் ஓட்டினவன்டி."

"இது கிரேன் இல்ல. சத்தியம் பண்ணுங்க."

"சரி, உன் மேல சத்தியம். போதுமா?"

போதும் என்றுதான் நினைத்தார். அதன்பின் ஏழு வாரம் கார் கோவில் சிலையை ஏற்றிக்கொண்டு போவதுபோல அமைதியாகப் போய் வந்தது. கட்டிங்கக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சாலையைப் பார்த்தார். பக்கத்தில் பார்க்க நேரம் இல்லை.

எட்டாவது வாரம் வியாழக்கிழமை. திரும்பி வரும் வழியில் பெரிய பள்ளிக்கூடத்தைத் தாண்டியபின், "ஏசி போடட்டுமா?" என்று கேட்டார். பதில் இல்லை. சிக்னலில் பச்சை விழக் காத்திருந்தபோது, "அடேயப்பா, என்ன ஒரு வைராக்கியம்! தலைகூட ஆட்டமாட்டீங்களா?" என்றார். அதற்கும் பதில் இல்லை. வீட்டு வாசலில் ஒரே மூச்சில் நேராக நிறுத்திவிட்டு, பெருமையோடு சொன்னார்.

"இன்னிக்கு பின்னாடி ஒருத்தன்கூட ஹாரன் அடிக்கல, கவனிச்சீங்களா?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் அன்று கடைக்குப் போகத் தாமதமானது பெரிய புண்ணியம். கட்டிங்கக்காவின் அலறலைக் கேட்டு ஓடிவந்து, சீட்டைச் சாய்த்து, கால்களைத் தூக்கிப் பிடித்து, ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அது வர ஒன்பது நிமிடம். வந்தவர்கள் ரத்த அழுத்தம் கீழே போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் அன்று மாலைக்குள் ஆள் தேறிவிட்டார்.

"எப்போலேர்ந்துங்க?"

"பள்ளிக்கூடம் தாண்டினதுமே கண்ணு இருட்டிச்சு."

"பதினாலு நிமிஷம்! வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"சத்தியம் பண்ணேனே. நீ பயந்து எங்கயாவது ஏத்திடுவியோன்னு வேற இருந்துச்சு. வீடு வந்ததும் சொல்லிக்கலாம்னு..."

கட்டிங்கக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "சத்தியமாம் சத்தியம்! கல்யாணம் ஆன முப்பது வருஷத்துல நான் சொன்ன ஒண்ணைக் கேட்டதுண்டா? கேக்கறதுக்கு இதுதான் கிடைச்சுதா?"

ஊசி எடுக்க வந்த நர்ஸ் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "டயாலிசிஸ் முடிஞ்சு ஒரு மணி நேரம் யாராவது இவரையே பாத்துக்கிட்டு இருக்கணும்மா. ஓட்டுறவங்க ரோட்டைப் பாப்பாங்களா, இவரைப் பாப்பாங்களா?" என்றார்.

அந்தக் கேள்வி கூடத்துக்கும் கூடவே வந்தது. மறுநாள் துணி விரிக்கும்போது இதுதான் பேச்சு.

"காரை விட்டுடாதீங்கக்கா. மழை, வெயில், நெரிசல்... பஸ் நம்மளுக்காகவா ஓடுது?" என்றார் இஸ்திரி போடுகிறவர்.

"உன் வீட்டுக்காரர் ஓட்டுறாரு, நீ காலை நீட்டிக்கிட்டு வர்ற. அக்காவுக்கு அப்படியா?" என்றார் பித்தான் வைக்கிறவர்.

கட்டிங்கக்கா பழுப்புக் காகிதத்தில் சாக்கட்டியால் எழுதிப் பார்த்தார். கார் இருபத்தொன்பது நிமிடம். ஆஸ்பத்திரியில் நிறுத்த இடம் தேட எட்டு. அங்கிருந்து நடக்க ஆறு. மொத்தம் நாற்பத்து மூன்று. பஸ்ஸுக்கு நடக்க ஆறு, காத்திருக்க ஐந்து, பயணம் முப்பத்தெட்டு. இறங்கினால் ஆஸ்பத்திரி வாசல். நாற்பத்தொன்பது. இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். வித்தியாசம் ஆறே ஆறு நிமிடம். இதற்காகவா பக்கத்தில் இருக்கும் மனிதரைப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

சனிக்கிழமை முதல் மறுபடியும் முப்பத்தேழாம் நம்பர். எல்லாம் சுகம் என்று சொல்ல முடியாது. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் பஸ் இருபத்து மூன்று நிமிடம் தாமதமாக வந்து, படுக்கை வேறு ஒருவருக்குப் போய், மதியம் வரை காத்திருந்தார்கள்; கட்டிங்கக்கா கூடத்துக்கு லீவு சொல்ல வேண்டியதாயிற்று. பெருமழை நாளில் காரைத்தான் எடுத்தார். அன்று கதவைச் சாத்துமுன், "வாயை மூடிக்கிட்டு வந்தீங்கன்னா இறக்கி விட்டுடுவேன்" என்று மிரட்டியும் வைத்தார். அவருக்குக் கேட்கவா வேண்டும்? போகும் வழியெல்லாம் வகுப்பு எடுத்தார். காரை விற்கவில்லை. விற்கும் எண்ணமும் இல்லை.

ஆனால் மற்ற நாள்களில் பஸ்தான். கட்டிங்கக்கா ஜன்னல் பக்கம் வீட்டுக்காரரை உட்கார வைத்து, மணிக்கட்டை லேசாகப் பிடித்துக்கொள்வார். முகம் வெளுக்கிறதா, வியர்க்கிறதா என்று பார்க்க முப்பத்தெட்டு நிமிடம் முழுசாக இருந்தது. டிரைவர் எப்போதும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். வண்டியில் எல்லோருக்கும் அவர் 'கையுறை' தான். அந்த மனிதருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. மூன்றாவது நாளே, கிரேன்காரர் உட்கார்ந்து கைத்தடியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டும் வரை வண்டியை எடுக்காமல் இருக்க ஆரம்பித்தார்.

"என்ன கிரேன் சார், கியர் மாத்தினது சரியா?"

"மூணாவதுல கொஞ்சம் அவசரப்பட்டீங்க."

"இவர் வாயை மூட வைக்க ஒரு வழி சொல்லுங்கம்மா."

"வேண்டாங்க" என்றார் கட்டிங்கக்கா சட்டென்று. "பேசட்டும்."

அந்த மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபத்தைந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது கட்டிங்கக்காவுக்கு நினைவிருக்கிறது. பள்ளிக்கூடம் தாண்டியதும் நினைவிருக்கிறது. அந்த வியாழனுக்குப் பிறகு ஒரு இரவும் சரியாகக் கண் மூடியதில்லை. இருட்டில் எழுந்து எழுந்து வீட்டுக்காரர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். விழித்துப் பார்த்தபோது பஸ் நின்றிருந்தது. உள்ளே வேறு ஆளே இல்லை. தன் தலை அவர் தோளில் இருந்தது. தன் பை அவர் மடியில் இருந்தது.

"எங்கங்க இருக்கோம்?"

"கடைசி ஸ்டாப்."

"ஐயையோ! நம்ம ஸ்டாப் போய் ஏழு ஸ்டாப்பா? ஏன் எழுப்பல? உங்களுக்கு ஏதாவது ஆச்சா?" மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன். நம்ம ஸ்டாப்ல கையுறை நிறுத்தித் திரும்பிப் பாத்தாரு. நான்தான் போகச் சொன்னேன். நீ வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கின. எழுப்ப மனசு வரல."

"எனக்கு ஒரு மணிக்கு வேலை."

"தெரியும். பன்னெண்டு நிமிஷத்துல வண்டி திரும்புதாம்."

வெளியே மரத்தடியில் டிரைவர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கட்டிங்கக்கா கூடத்துக்குப் போன் போட்டு, வர இருபது நிமிடம் தாமதமாகும் என்றார். இருபத்தாறு வருடத்தில் முதல் தாமதம். ஏன் என்று கேட்டார்கள்.

"தூங்கிட்டேன்" என்றார்.

போனைப் பைக்குள் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். கன்னத்தில் நிறம் இருந்தது. "இன்னும் எத்தனை நிமிஷம்?"

"ஒன்பது."

கட்டிங்கக்கா மறுபடியும் அவர் தோளில் சாய்ந்துகொண்டார்.