நாலு விரல் கண்ணி

உங்கள் ஊர் ஏரியில் மீன் குறைந்துபோனால் முதலில் யார்மேல் பழி போடுவீர்கள்? "விசாரித்துவிட்டுத்தான் சொல்வேன்" என்று நல்லவர் மாதிரி ஆரம்பிக்காதீர்கள். மழைமேல் போடலாம், ஆனால் மழையைக் கூட்டத்துக்கு வரவழைத்து நிற்க வைக்க முடியாது. சொந்தக்காரர்மேல் போட்டால் நாளைக்கு அவர் முகத்தில் விழிக்க வேண்டும். கடைசியாக வந்து கரையோரம் குடியேறியவர் ஒருவர் இருப்பார் பாருங்கள், அவர்தான் எல்லாருக்கும் வசதி. இந்த ஏரியில் அந்த வசதியான ஆள் வாத்துக்காரர். அவருக்கு எதிராகக் கை தூக்கியவர்களில் ஒருத்தியின் கதை இது.

ஊரில் அவளுக்கு வலைக்காரக்கா என்று பெயர். ஏரி சின்னது. இந்தக் கரையில் நின்று கத்தினால் எதிர்க்கரையில் "என்ன?" என்று கேட்பார்கள். ஏரிதான் சின்னது, அதற்கு மீனவர் சங்கம் போட்டிருந்த சட்டம் பெரியது: நாலு விரல் கண்ணிக்குக் குறைந்த வலை தண்ணீரில் இறங்கக் கூடாது. கண்ணி என்றால் வலையின் ஓட்டை. நாலு விரலைச் சேர்த்து நீட்டி, அதைச் சுற்றி நூலை வளைத்து முடிச்சுப் போட்டால் ஒரு கண்ணி. அதில் நுழைந்து தப்பிக்கும் மீன் இன்னும் சின்னது, போய் வளர்ந்து ஒரு தடவையாவது முட்டை போட்டுவிட்டு வரட்டும் என்பது கணக்கு. கடையில் விற்கிற வலை எல்லாம் பொடிக் கண்ணி என்பதால் அதற்கும் தடை. ஏரியில் இறங்கும் ஒவ்வொரு வலையும் அவள் வீட்டில் பின்னியதாக இருக்க வேண்டும்.

முன்பெல்லாம் பின்னியவர் அவள் புருஷன். ஆள் குட்டை, கை மட்டும் யாருடையதையோ இரவல் வாங்கி வந்தது போல இருக்கும். கதவுத் தாழ்ப்பாள் மாதிரி விரல்கள். அளவுக்கு மரக்கட்டை வைத்துக்கொள்ளச் சொன்னால், "விரல் இருக்கறப்ப மரத்துக்கு என்ன வேலை?" என்பார். பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டின்மேலேயே சாய்ந்தார். உயிர் தங்கியது, வலது பக்கம் தங்கவில்லை. அன்றிலிருந்து ஜன்னலோரத்து நாற்காலியில் அவர், கீழே பாயில் நூல் கண்டோடு அவள். அவர் பின்னியதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வேலை மனப்பாடம். அதே நூல், அதே ஊசி, அதே முடிச்சு, அதே நாலு விரல்.

அவள் வலை இறங்கிய முதல் இரண்டு வருஷமும் ஏரி கொட்டியது. படகுக்காரர்கள் கூடையை நிரப்பிவிட்டு இன்னொரு கூடைக்கு ஆள் அனுப்பினார்கள். "அண்ணன் வலையில இவ்வளவு விழுந்ததே இல்லைக்கா. உங்க கைராசி!" என்று சங்கத் தலைவரே அவள் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். கைராசி! யோசிக்கச் சோம்பல்படுகிறவர்கள் கண்டுபிடித்த சொற்களில் இதற்குத் தனி இடம் உண்டு. அவள் வாயால் மறுத்தாள், மனசுக்குள் கொஞ்சம் நம்பினாள். யாருக்குத்தான் பிடிக்காது?

மூன்றாம் வருஷம் கூடை குறைந்தது. அடுத்த வருஷம் வந்த கெண்டையெல்லாம் உள்ளங்கையில் அடங்கின. அதற்கும் அடுத்த வருஷம் அதுவும் இல்லை. ராசியால் வந்தது போனால் தோஷத்தால்தான் போயிருக்க வேண்டும் அல்லவா? ஊர் சுற்றுமுற்றும் பார்த்தது. எதிர்க்கரையில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு வாத்து மேய்க்கிற புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். வாத்து தண்ணீரில் தலையை விடுகிறது. எதையோ விழுங்குகிறது. முடிந்தது வழக்கு.

சங்கக் கூட்டத்துக்கு முந்தின வாரம் நெட்டையன் ஒரு பழைய வலையைச் சுருட்டிக்கொண்டு வந்தான். நெட்டையன் படகுக்காரன். வாசப்படியில் குனிந்து வருவதே அவன் வணக்கம்.

"பரண்ல கிடந்துச்சுக்கா. அண்ணன் கைப்பட பின்னுனது. எலிக்கு என் மேல என்ன கோபமோ, நடுவுல கடிச்சு வச்சிருக்கு."

"எலிக்கு உன் மேல கோபம் இல்லடா, உன் வீட்ல வேற எதுவும் திங்கறதுக்கு இல்ல. வச்சிட்டுப் போ."

கடிபட்ட இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தாள். வெட்டிய ஓரத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணி, அதே எண்ணிக்கையில் ஒட்டுத்துண்டு பின்னினாள். வைத்துப் பார்த்தால் துண்டு போதவில்லை. இழுத்துக் கட்டினாள். அளவு தப்பின சட்டைபோலச் சுற்றியிருந்த வலை முழுக்கச் சுருங்கிக்கொண்டது. எண்ணிக்கையில் பிசகு என்று பிரித்தாள், மறுபடி எண்ணினாள், மறுபடி பின்னினாள். மறுபடியும் சுருக்கம். நூலைத் திட்டினாள், எலியைத் திட்டினாள். கடைசியில் பழைய கண்ணி ஒன்றில் தன் நாலு விரலையும் விட்டாள்.

விரல்களைச் சுற்றி இடம் மிச்சம் இருந்தது. பெரியவர் செருப்பில் குழந்தை கால் விட்டதுபோல ஆடியது கை.

எழுந்து போய், மடியில் செத்த பாரமாகக் கிடந்த புருஷனின் வலது கையை எடுத்தாள்.

"சாகற காலத்துல என்னைப் பிடிச்சு வலையில மாட்டறியா?" என்றார் அவர். நாக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும். கேலி மட்டும் இழுக்காது.

பழைய கண்ணியில் அவர் விரல்கள் உறைக்குள் கத்தி போவது மாதிரி போயின. அவள் பின்னிய துண்டில் விட்டபோது இரண்டாம் கணுவிலேயே மாட்டிக்கொண்டன. அவள் அழுத்தினாள். நூல் தோலில் பதிந்ததே தவிர விரல் நகரவில்லை.

கேலி நின்றது.

"என்னங்க, ஏரில இருக்கற அத்தனை வலையும் என் விரல் அளவு."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"முதல்ல அள்ளிக் கொட்டுச்சே, அதெல்லாம் முட்டை போடாத குட்டி. தப்பிச்சுப் போக வேண்டியதை எல்லாம் நான் புடிச்சுக் குடுத்திருக்கேன். கைராசின்னாங்க."

"தெரியாம நடந்துச்சு. தெரியாம நடந்தா தப்பு இல்ல."

"இப்ப தெரிஞ்சிடுச்சே?"

"யாருக்கு? உனக்கும் எனக்கும். இனிமே பெருசா பின்னு. பழசு கிழியக் கிழிய புதுசு போகும், ஏரி தானா சரியாயிடும். சொன்னேன்னு வை, ஊர் வயித்துல அடிச்சவள்னு உன்னைத்தான் சொல்லுவாங்க. வேற தொழில் தெரியுமா உனக்கு? என்னை வச்சுக்கிட்டு எங்க போவே?"

"வாத்துக்காரரைக் கரையை விட்டுக் கிளப்பப் போறாங்க."

"அவனுக்கென்ன, வாத்து எந்தத் தண்ணியிலயும் மிதக்கும்."

அந்த வாக்கியம் அவள் காதில் மாட்டிக்கொண்டது. கொடுமை என்னவென்றால், அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

கூட்டம் மீன் எடை போடும் கொட்டகையில் நடந்தது. எடைபோட மீன் இல்லாததால் இடம் தாராளமாக இருந்தது. வாத்துக்காரர் தூணை ஒட்டி நின்றார். உட்காரச் சொல்லத் தோன்றவில்லை யாருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்," என்றார். "என் கூட்டத்துல உங்களுக்குப் பிடிச்ச வாத்தை நீங்களே எடுத்து அறுங்க. இரைப்பையைப் பிரிச்சுப் பாருங்க. உள்ள மீன் முட்டை இருந்தா நானே மூட்டை கட்டிக்கறேன்."

"உள்ள நத்தை இருந்துச்சுன்னா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"அப்ப நத்தையும் காலியாகுதுன்னு அர்த்தம்!"

கொட்டகை சிரித்தது. சோதித்துப் பார்க்கலாம் என்றவரைச் சிரித்தே உட்கார வைக்கும் வித்தை எல்லா ஊருக்கும் தெரியும். வாத்து மீன் முட்டையைத் தொடாது என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம், கிடைத்தால் தின்னும். ஆனால் முட்டை போடுகிற வயசுக்கு ஒரு மீனையும் விட்டு வைக்காத ஏரியில் அது எந்த முட்டையைத் தின்றிருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் முன்வரிசையில் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் அவளைப் பார்த்தே பேசினார். "நம்ம வலையில குறை இல்ல. இத்தனை நாள் ஏரி தாக்குப் பிடிச்சதே அக்கா கைராசியிலதான். வாத்து போகணும்கறவங்க கை தூக்குங்க."

வலப்பக்கம் கை எழுந்தது. இடப்பக்கம் எழுந்தது. நெட்டையன் கை எல்லாவற்றுக்கும் மேலே போனது. அவள் தன் கை மடியில் கிடப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் நாலு விரலும் கட்டைவிரலும் காற்றில் நின்றன. வாத்துக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். கொட்டகையில் அத்தனை கை இருந்தும் அதை மட்டும்.

வீட்டில் கணவர் "என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள், எதையும் ஏற்றாமல் அணைத்தாள்.

காலையில் ஏரிக்கரையைச் சுற்றி நடந்து எதிர்க்கரைக்குப் போனாள். ஒரு சின்ன லாரி நின்றிருந்தது. வாத்துக்காரர் கொட்டகைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாத்துகளைக் கழுத்தோடு அணைத்துப் பிடித்துக் கூண்டில் விட்டுக்கொண்டிருந்தாள். விடும்போது ஒவ்வொன்றின் முதுகையும் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நீங்களும் கை தூக்குனீங்க," என்றார் அவர், திரும்பாமலே.

"தூக்குனேன். தெரிஞ்சே தூக்குனேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். ஒட்டுத்துண்டு, சுருக்கம், கணவரின் விரல். சொல்லச் சொல்ல அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. வாத்துக்காரரின் மனைவிதான் கூண்டுக் கதவைப் பிடித்தபடி நின்று கேட்டாள்.

"இதை நேத்து சொல்றதுக்கு என்னங்கக்கா?"

பயம் என்று சொல்லலாம். பயப்படுவதற்கு அவளிடம் ஒரு வீடாவது இருந்தது. இவர்கள் வீடு இப்போது லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

வாத்துக்காரர் தகரத்தைக் கீழே வைத்தார். "என் வாத்து தப்பு செய்யலைன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதை என்கிட்டயே வந்து சொல்றீங்களே? அங்க போய்ச் சொல்லுங்க."

"இருங்க, இப்பவே போறேன். நான் வர்ற வரைக்கும் இருங்க."

ஓடினாள் என்று சொல்ல முடியாது, அந்த உடம்பு எவ்வளவு ஓடுமோ அவ்வளவு. எடைக் கொட்டகையில் படகுக்காரர்கள், கிடைத்த கொஞ்ச மீனைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் கிடைத்த வலையை இழுத்து, நெட்டையனின் கையைப் பிடித்து அதற்குள் திணித்தாள். சிக்கிக்கொண்டது.

"என்னக்கா, என்னையும் எடை போடப் போறீங்களா?" என்றான்.

அவள் சொன்னாள். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கையை விட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் அவள் காலடியில் வலையை வீசினார். இன்னொருவர் வாயில் வந்ததைச் சொன்னார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை, அவள் மறக்கவில்லை. நெட்டையன் மட்டும், "எத்தனை வருஷமா நம்ம கையைத்தான் உள்ள விட்டு மீனை உருவறோம். ஒருத்தனுக்கும் தெரியலையே," என்றான். அது நியாயமான பேச்சு, ஆனால் கூட்டத்தில் நியாயத்துக்கு ஆள் சேரவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி. வலையும் ஒரு காரணம், வாத்தும் ஒரு காரணம்னு வச்சுக்கலாம். தீர்மானம் போட்டாச்சு, இனிமே மாத்தினா நமக்குத்தான் அசிங்கம்."

வச்சுக்கலாம்! உண்மையைப் பாதி பாதியாகப் பிரித்து, தங்கள் பங்கை மட்டும் மூடி வைத்துக்கொள்கிறவர்களின் சொல் அது. அவள் தலைவரோடு மல்லுக்கு நின்றுவிட்டு மறுபடி எதிர்க்கரைக்குப் போனபோது, தகரம் நின்ற இடத்தில் மண் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. லாரி போன பக்கம் கேட்கக்கூட ஆள் இல்லை.

இப்போதும் அவள்தான் பின்னுகிறாள். கணவரின் நாலு விரல் அகலத்துக்குத் தச்சரிடம் ஒரு கட்டை இழைத்து வாங்கி, அதில் நூலைச் சுற்றுகிறாள். வேறு ஆள் கிடைக்காததால் சங்கம் அவளைப் பொறுத்துக்கொண்டது. பழைய வலைகளை எல்லாம் அவளே பிரித்தாள். அந்த வருஷம் முழுக்க ஊர் அரைவயிறு. போன பருவத்தில் நெட்டையன் ஒரு கெண்டையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். அறுத்தால் வயிறு நிறையச் சினை. கணவர் ருசித்துச் சாப்பிட்டார். அவள் தன் பங்கையும் அவர் தட்டிலேயே வைத்தாள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று, வாத்துக்காரரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்கிறாள். "அவர் எங்க இருக்கார்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று தலைவர் மரியாதையாகக் கேட்பார். அவள் உட்காருவாள். சந்தைக்கு வாத்து முட்டை வந்தால் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பாள். இதுவரை எல்லாம் வேறு யாருடைய வாத்தோ.

அவர்கள் ஏதோ ஒரு தண்ணீரோரம்தான் இறங்கியிருப்பார்கள். அது உங்கள் ஊர்த் தண்ணீராகவும் இருக்கலாம். வாத்துக் கூண்டுகளோடு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து கரையில் ஒரு ஓரம் கேட்டால், "இதுக்கு முன்னால இருந்த ஊர்லேருந்து ஏன் வந்துட்டீங்க?" என்று குடையாதீர்கள். இடம் கொடுங்கள். உங்கள் சங்கம் என்றைக்காவது அவர்கள் பெயரைச் சொல்லிக் கை தூக்கச் சொன்னால், தூக்காமல் எழுந்து நின்று, முதலில் ஒரு வாத்தை அறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.