கூரை ஒழுகிய நாளில் கேட்கப்பட்ட ஜெபம்

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, பிள்ளைப்பாக்கத்திலிருந்து எஸ்தர் எழுதுகிறேன். நான் பொறுமைசாலி அல்ல. என் சாட்சியும் அப்படித்தான் இருக்கும்.

1991-ம் ஆண்டு என் மகள் பிரிசில்லாவுக்கு ஐந்து வயது. பார்த்தால் மூன்று வயது என்பார்கள். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. ஓயாத வயிற்றுப்போக்கு. பூச்சி மருந்து, நாட்டு மருந்து எல்லாம் கொடுத்து அலுத்தோம். இந்தப் பிள்ளை தங்காது என்று என் காதுபடவே பேசினார்கள்.

கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து, சீலியாக் என்றார்கள். கோதுமை இவள் குடலை அரிக்கிறதாம். மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஆயுசுக்கும் கூடாது. சோறும் இட்லியும் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. இவ்வளவுதானா என்று சந்தோஷமாகத் திரும்பினேன். சோறு தின்கிற ஊரில் இது ஒரு கஷ்டமா?

கஷ்டம்தான். நம் ஜனங்களுக்கு நோயாளி என்றாலே ரொட்டிதான். பார்க்க வருகிறவர் கையிலெல்லாம் ரொட்டி, ரஸ்க், பிஸ்கட். வேண்டாம் என்றால் கோபம். ஜெபிக்க வந்த ரோஸ் அக்கா என்னையே அதட்டினார்.

"இன்னா எஸ்தரு, ஒடம்பு முடியாத கொயந்தைக்கு யாராவது சோத்தப் போடுவாங்களா? ரஸ்க்க பால்ல நனைச்சிக் குடு."

நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஊட்டியும் விட்டார். மறுநாள் முழுக்க நான் துணி அலசினேன். ஜெபமும் செய்து விஷமும் ஊட்டினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பிறகு எதைக் கொண்டுவந்தாலும் வாசலிலேயே வாங்கி ஆட்டுக்குப் போட்டேன். சபையில் எனக்குத் திமிர்க்காரி என்று பெயர். அப்படியும் வயிற்றுப்போக்கு முழுதாக நிற்கவில்லை. ரசஞ்சோறுதானே கொடுக்கிறேன்! ஒரு நாள் அடுப்படியில் நின்றபடியே ஆண்டவரிடம் சண்டை போட்டேன். "எல்லாத்தையும் நிறுத்திட்டேன். இன்னும் இன்னாதான் பாக்கி? நீரே வந்து எடுத்துப் போடும்!" அதை ஜெபம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகி, மூடாமல் இருந்த பெருங்காயத் தூள் டப்பாவில் தண்ணீர் இறங்கிவிட்டது. இது வேறயா என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாமே இது, போஸ்டர் ஒட்ற மைதாப் பசையாட்டம் கீது!"

டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டேன். மழையிலேயே கடைக்கு ஓடிக் கேட்டேன். "மைதா கலந்துதாம்மா தூளாக்குறாங்க, பின்ன?" என்றார் கடைக்காரர். தினமும் ரசத்தில் என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன்! டாக்டரம்மாவும் அதை உடனே நிறுத்தச் சொன்னார்.

அதன் பிறகு ரசத்துக்குப் பூண்டும் சீரகமும்தான். கொஞ்சம் கொஞ்சமாக வயிறு அடங்கியது. கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு மத்தியானம், பிரிசில்லா மூன்றாம் முறையாகத் தட்டை நீட்டினாள்.

"சட்டில சோறு இல்லடி, எம்மாந்தான் துன்னுவ?" என்று எரிந்து விழுந்தேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. இந்தப் பிள்ளையையா, அதிகம் தின்கிறாள் என்று திட்டுகிறேன்? அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஸ்தோத்திரம் என்ற ஒரு வார்த்தைக்கு மேல் வாயில் வரவில்லை.

எனக்கு இன்னும் கோபம் வரும். ஆனால் இப்போது முதலில் அவரிடம்தான் போய்க் கத்துகிறேன். உங்களுக்கும் அழகாக ஜெபிக்க வராவிட்டால் பரவாயில்லை, அலுத்துப்போன வாயாலேயே கேளுங்கள். என் கத்தலைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார்.