இன்றைக்குக் காலையில் எடுத்த படம்

நான் படம் எடுப்பது பறவைகளுக்காக. எங்கள் ஊரில் யாரும் அதைப் பறவைகளுக்காகப் பார்ப்பதில்லை என்று எனக்குப் புரிய நாலு வருடம் ஆயிற்று. புரிந்த பிறகும் என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை. பழவேற்காடு ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் வலையைத் தொடாதவன். கூட வேலை பார்த்த ஒருவர் விற்ற பழைய கேமரா ஒன்று கைக்கு வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியலில் கரைக்குப் போவேன். பூநாரைகளை எடுப்பேன். ஏழு மணிக்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன். மேலே ஒரே வரிதான்: ‘இன்னிக்கு காலையில நம்ம ஏரி.’ அந்த ‘இன்னிக்கு’ இருந்தால்தான் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். நேற்று எடுத்ததென்றால் ஒருத்தரும் சீண்டமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கிவிட்டேன். முந்தின நாள் இரண்டு ஷிப்டு சேர்ந்தாற்போல் பார்த்த அசதி. கண் விழித்தபோது மணி ஆறரை. குழுவில் யாரும் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் பெரிய மனுசத்தனம் விடுகிறதா? புதன்கிழமை லீவில் எடுத்து, போடாமல் வைத்திருந்த படம் ஒன்று இருந்தது. பதினொரு பூநாரைகள். அவற்றுக்குப் பின்னால் ஒரு படகு. அசையாத தண்ணீரில் அந்தப் படகு அப்படியே தலைகீழாகத் தெரிந்தது. எனக்கு அதில் அவ்வளவு பெருமை. வழக்கமான வரியோடு அதைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துவிட்டேன்.

பத்து மணிக்கு என் மனைவி உலுக்கி எழுப்பினாள். “ஏங்க, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க? உங்க படத்தால என் தம்பி மாட்டிக்கினான்.”

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. பூநாரைப் படத்தில் மச்சான் எங்கே வந்தான்?

வந்திருந்தான். பின்னால் இருந்த நீலப் படகு அவனுடையது. பக்கவாட்டில் பச்சைப் பலகை ஒட்டுப்போட்ட படகு ஏரியிலேயே அது ஒன்றுதான். நான் அதைக் கவனிக்கவே இல்லை, எனக்கு அது பறவைகளுக்குப் பின்னால் இருந்த நல்ல நீலம், அவ்வளவே. ஆனால் குழுவில் இருந்தவர்கள் பறவைகளைத் தள்ளிவிட்டு, படகைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தார்கள். கழி ஊன்றிச் சுத்துவலை கட்டியிருக்கும் இடத்தையும் பார்த்திருந்தார்கள்.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் சுத்துவலை கட்ட முடியாது. இறால் நிறைய விழும் இடங்களுக்குப் பாடு என்று பேர். எந்த நாளில் எந்தப் பாடு யாருக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் முறையில் இறங்கியவனுக்கு, மறு சீட்டுப் போடும்வரை பாடு கிடையாது. அதுவரை அவன் இன்னொருவர் படகில் கூலிக்குத்தான் போகவேண்டும். படத்தில் இருந்த பாடு ஞாயிற்றுக்கிழமை என் சித்தப்பாவின் முறை. அன்று நன்றாக விடிந்த பிறகே அவர் இறங்கினார், இறாலே விழவில்லை. யாரோ முன்னாலேயே இழுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அவர் புலம்பிக்கொண்டு கரையேறிய நேரத்தில், அவர் போனில் என் படம் வந்து நின்றிருக்கிறது. ‘இன்னிக்கு காலையில நம்ம ஏரி.’

சாயந்திரம் மீன் ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. மச்சான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். சித்தப்பா அவனைத் திருடன் என்று கத்திவிட்டு, நேராக என்னிடம் வந்தார். கோபக்காரர்தான், ஆனால் பொய் பேசத் தெரியாதவர்.

“இன்னா நைனா, இத எப்ப புடிச்ச?”

“புதன்கிழமை, சித்தப்பா.”

“இன்னிக்குனு நீதானே போட்டுக்கீற?”

“சும்மா போட்டேன்.”

“சும்மானா?”

தூங்கிப்போனதையும், கைதட்டுக்கு ஆசைப்பட்டதையும் அத்தனை பேர் நடுவில் சொன்னேன். சொல்லும்போதே காது சூடாகிவிட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். “மச்சானக் காப்பாத்த மாமன் கத வுடறான்” என்றது ஒரு குரல். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் ஒருநாள் என் மானத்தைக் கெடுத்துக்கொண்டு உண்மை சொல்கிறேன், அதைப் பொய் என்கிறார்களே என்று. கேமராவை எடுத்துக் காட்டினேன். தேதியைப் பார்க்கச் சொன்னேன். அங்கேதான் பேஜார். பேட்டரியைக் கழற்றும்போதெல்லாம் அந்தக் கேமரா ஏதோ ஒரு பழைய வருசத்தின் ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய்விடும். நானும் திருத்துவதில்லை. அதைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. புதன்கிழமைதானா? நான் தூங்கினேனா, இல்லை போனேனா?

சித்தப்பா சிரிக்கவில்லை. “பெருசா காட்டு” என்றார். எந்தப் பொத்தான் என்று காட்டினேன். படகைப் பார்த்தார். பச்சைப் பலகையைப் பார்த்தார். அப்புறம் மெல்லக் கீழே நகர்த்தி, தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்த படகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் அந்தப் படத்தை நான்கூடப் பார்த்ததில்லை.

“காத்து எங்க?” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“இன்னிக்கு விடியறதுக்கு முன்னாலேர்ந்தே வாடக்காத்து. என் போட்டு ஒரு எடத்துல நிக்கல. இதுல தண்ணி கண்ணாடியாட்டம் கீது.” கேமராவைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். “இது இன்னிக்குப் புடிச்சது இல்ல.”

கேமரா கைமாறிக் கைமாறிப் போனது. காலையில் ஏரியில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். ஏன் இதைக் காலையிலேயே பார்க்கவில்லை என்று ஒருவர் கேட்டதற்கு, “போட்டப் பாத்தேன், தண்ணிய எவன் பாத்தான்” என்றார் சித்தப்பா. புதன்கிழமை அந்தப் பாடு மச்சானின் முறைதான் என்பது சீட்டு நோட்டில் இருந்தது. விசயம் முடிந்துவிட்டது. சித்தப்பா தூணருகே போய், தன்னைவிட இருபது வயது சின்னவனான மச்சானைப் பார்த்துக் கைகூப்பினார். “தப்பா சொல்ட்டேன். மனசுல வச்சுக்காத.”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். என்ன அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எனக்கு ஒரே சந்தோசம். என் படம், அதிலும் நான் பெருமைப்பட்ட அந்தத் தலைகீழ்ப் படகு, ஒரு வீட்டின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டது. கலங்கரை விளக்கம் தாண்டியதும் பின்னாலிருந்து பேசினான்.

“மாமா, ஒண்ணு சொன்னா கத்தமாட்டீங்களே?”

“சொல்லு.”

“இன்னிக்கும் போனேன்.”

வண்டியை நிறுத்திவிட்டேன்.

“நாலு மணிக்கு ஒரே ஒரு இழுப்பு மாமா. காத்துல எவனும் வரமாட்டான்னு நெனச்சேன். அவரு வர்றதுக்குள்ள கரையேறிட்டேன்.”

அடப்பாவி என்று மட்டும் வாயில் வந்தது. “சித்தப்பா உன்னக் கும்புட்டாரேடா?”

“அதான் மாமா. அவரு கும்புட்டதுக்கு அப்புறம் எப்டி சொல்றது?”

அவன் அழுதான். எனக்கு அவனை அறையவேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. வீடு வரும்வரை மண்டைக்குள் அதையே உருட்டிக்கொண்டு வந்தேன். காலையில் நான் போட்டது பொய், அது உண்மையான திருடனைக் காட்டிக்கொடுத்தது. சாயந்திரம் நான் சொன்னது உண்மை, அது அவனைத் தப்பவிட்டது. நான் எதில் தப்பு செய்தேன்? போய்ச் சொன்னால் மச்சானுக்குப் பாடு போகும், என் மனைவி என் முகத்தில் விழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் சித்தப்பா கூப்பிய கை கூப்பியபடியே நிற்கும். சித்தப்பாவுக்கு ஒரு செய்தி தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். அப்புறம் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் சித்தப்பாவை டீக்கடையில் பார்த்தேன். அவரே கூப்பிட்டு, போனை நீட்டிக் காட்டினார். வாட்ஸ்அப்பில் தன் முகம் இருக்கவேண்டிய சின்ன வட்டத்தில் நான் எடுத்த அந்தப் படத்தை வைத்திருந்தார். வட்டத்துக்குள் பறவைகள் அடங்கவில்லை. மச்சானின் படகு மட்டும், மேலே ஒன்றும் தண்ணீரில் ஒன்றுமாக.

“அவன் போட்டுதான், இருக்கட்டும்” என்றார். “அத்தினி பேரு முன்னால திருடன்னு சொல்ட்டேன். இத டெய்லி பாத்தாதான் எனக்குப் புத்தி வரும். நல்லா கீதா நைனா?”

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். “நல்லா கீது சித்தப்பா” என்றேன்.