வால் செர்வோவும் மதுக்கரைக் காற்றும்

ரிமோட் ஹெலிகாப்டரின் வால் இறக்கைகளை அசைக்கும் சிறு மோட்டார்தான் செர்வோ. புது செர்வோவின் ஒயர் எட்டாததால், அதை மறுபக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தேன். மதுக்கரை மைதானத்தில் காற்று கிளம்புவதற்குள் பறக்கவிட வேண்டுமென்று பரபரத்தேன்.

"ஏனுங்க, எப்பவும் பறக்க உடறதுக்கு முன்னாடி ஹெலிகாப்டரு மூக்கத் திருப்பிப் பாப்பீங்களே, இன்னைக்கு இல்லீங்களா?" என்றாள் அருகில் நின்ற மனைவி.

"காத்து வந்துரும் அம்மணி."

"காத்து வந்தா நாளைக்கு உட்டுக்கலாமுங்க. இது எம்மேல உழுந்தா?"

எரிச்சலோடு சுவிட்சைப் போட்டு, ஹெலிகாப்டரைக் கையில் தூக்கி மூக்கைத் திருப்பினேன். செர்வோவைத் திருப்பி மாட்டியதால், திருப்பத்தை எதிர்க்க வேண்டிய வால் இறக்கைகள் அதே பக்கம் சாய்ந்தன. பறக்கவிட்டிருந்தால் கட்டுக்கடங்காமல் சுழன்று அவள்மேல் பாய்ந்திருக்கும்.

என் பொழுதுபோக்கை அவள் கவனிப்பதே இல்லையென்று நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் மூக்கைத் திருப்பிப் பார்ப்பது அவள்தான். அவள் தலையாட்டும்வரை நான் ரிமோட்டைத் தொடுவதில்லை.