அவர் ஏற மறுத்த வண்டி

பாகூர் மருந்தகத்துக்கு வந்திருந்த டாக்டர் ஒரு யூதர். ஐரோப்பாவில் தன் ஊரில் இருக்க முடியாமல் மனைவியோடு கப்பலேறியவர். என் மகளுக்கு நிமோனியா கண்டபோது தினமும் காலையில் குருவிநத்தம் வந்து பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை அவர் முகம் இறுகியிருந்தது.

"இன்றிரவு காய்ச்சல் இறங்க வேண்டும். சாயங்காலம் வண்டி அனுப்புங்கள், நான் உடனிருக்கிறேன்" என்றார்.

சாயங்காலம் வரை என்னால் பொறுக்க முடியவில்லை. மதியமே வண்டி பூட்டிக்கொண்டு போய்விட்டேன். கதவைத் திறந்தவர் அவர் மனைவி. கையெல்லாம் மாவு.

"தூங்குகிறார்" என்றார் பிரெஞ்சில்.

எனக்குச் சுரீரென்றது. பிள்ளை அங்கே மூச்சுக்குத் தவிக்கிறாள், இவருக்குத் தூக்கமா? என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"இரவு விழித்திருக்கத்தான் இப்போது தூங்குகிறார். இன்று பொழுது சாய்ந்தால் எங்கள் ஓய்வு நாள். அதற்கு முன்கூட்டிச் சமைப்பதும் தூங்குவதும்கூட எங்களுக்கு வழிபாட்டில் சேர்த்திதான். நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று?"

ஒரு நாற்காலியைக் காட்டினார். சும்மா உட்கார்ந்ததாகத்தான் நினைவு. அவர் கூப்பிட்டு எழுப்பியபோது வெயில் தணிந்திருந்தது. துணி சுற்றிய ரொட்டி, தூக்குச்சட்டியில் சாப்பாடு, இரண்டு மெழுகுவத்தி எல்லாம் தயாராக இருந்தன. இருவருமே எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள்.

பொழுது சாயுமுன் அந்த அம்மாள் எங்கள் கூடத்தில் மெழுகுவத்தி ஏற்றினார். "நம்ம வெளக்கு வெக்கிற நேரந்தான் அவங்களுக்கும்" என்றாள் என் மனைவி.

டாக்டர் என்னிடம், "மாடுகள் வாசலிலேயே நிற்கட்டும். நிலைமை மோசமானால் இரவே புதுச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டும்" என்றார்.

"ஓய்வு நாளில் நீங்கள் வண்டி ஏறலாமா?"

"கூடாது. உயிருக்கு ஆபத்தென்றால் ஏறியே ஆக வேண்டும்."

இரவு மாற்றி மாற்றி விழித்திருந்தோம். பகலில் தூங்கியதாலோ என்னவோ, மருந்து ஊற்றும்போது நான் ஒரு சொட்டும் சிந்தவில்லை. விடியற்காலையில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. உடம்பு சில்லிட்டது. டாக்டர் நாடியைப் பிடித்தபடி, "பொறுத்துப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

வெயில் ஏறியது. விடிய விடிய விழித்தவர்களை மரியாதையாக வீட்டில் கொண்டுவிட வேண்டும் என்று என் மனைவி வண்டியைப் பூட்டச் சொல்லி, கரும்புக் கட்டு ஒன்றையும் ஏற்றிவைத்தாள். டாக்டர் மகளை மறுபடி வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்ததும் தலையாட்டி மறுத்தார்.

"இன்னாங்க இது, கோச்சிக்கினாரா? எதனா தப்பு பண்ணிட்டமா?" என்று என் மனைவி பதறினாள்.

நான் பிரெஞ்சில் கேட்டேன்.

"இன்று நான் வண்டி ஏறுவதற்குக் காரணம் எதுவும் இல்லை" என்றார். சிரித்தார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"இன்னா சொல்றாரு? வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

"ஏற மாட்டாராம்" என்றேன். "புள்ள பொழச்சிக்கிச்சி."

"அப்ப ஏறவே வேணாம்! இருக்கட்டும், ஒரு வாரம் இருக்கட்டும்!" என்று அவளே ஓடிப்போய் மாடுகளை அவிழ்த்தாள்.

அன்று பகல் முழுக்க வீடே தூங்கியது. நான் மட்டும் அடிக்கடி விழித்து மகளின் மூச்சைக் கேட்டேன். இன்றைக்கும் அவள் இருமினால் என் கை அவள் நெற்றிக்குப் போய்விடுகிறது. அன்று, மூச்சைக் கேட்டுவிட்டு வாசலைப் பார்ப்பேன். வண்டி நுகத்தடி தரையில் கிடக்க, மாடுகள் கரும்புத் தோகையை அசைபோட்டுக்கொண்டிருந்தன. மறுபடி படுத்துக்கொள்வேன்.