கட் பண்ணச் சொன்ன மோகனராஜ்

6.10.2014 — 104.90 வெள்ளி
6.10.2016 — 127.15 வெள்ளி
6.11.2016 — 99.00 வெள்ளி
6.10.2019 — 143.60 வெள்ளி
6.11.2019 — 108.00 வெள்ளி
6.10.2022 — 168.25 வெள்ளி
6.11.2022 — 121.50 வெள்ளி
6.9.2025 — 189.70 வெள்ளி
6.10.2025 — 0.00 வெள்ளி

இவை ஜெலுத்தோங் அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாம் மாடியில் குடியிருக்கும் மோகனராஜின் தொலைக்காட்சிச் சந்தா பில்கள். எல்லா மாதங்களையும் எழுதினால் தாள் போதாது. ஏறியதும் இறங்கியதும் தெரிந்தால் போதும் என்று இவற்றை மட்டும் எடுத்தேன். ஏறியதெல்லாம் நிறுவனம் செய்தது. இறங்கியதெல்லாம் மோகனராஜ் செய்தது. கடைசி வரியில் இருக்கும் பூஜ்யத்தை இருவரும் சேர்ந்து செய்தார்கள்.

மோகனராஜ் பைராம் தோட்டத்தில் பிறந்தவர். ஜுருவில் கார் உதிரிப் பாகங்கள் விற்கும் கடையில் முப்பத்தோரு வருடங்களாக முன்மேசையில் நிற்கிறார். தினமும் மோட்டாரில் பாலத்தைக் கடந்து போய் வருவார். அவருக்குத் தெரிந்த வித்தைகள் எல்லாம் அந்தக் கடையில் கற்றவை. அவற்றில் முக்கியமானது வாசற்கேட் வித்தை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாங்க வந்தவர் விலையைக் கேட்டு முகத்தைச் சுளித்து, எதிர்க்கடையில் பார்த்துக்கொள்கிறேன் என்று நடக்க வேண்டும். கடைக்காரர் உடனே கூப்பிடக் கூடாது. வாசற்கேட்டைத் தொடும்வரை நடக்கவிட்டு, அப்புறம்தான் கடைசி விலை என்று அழைக்க வேண்டும். முன்னதாகக் கூப்பிட்டால் கடைக்கு நஷ்டம். கேட்டைத் தாண்டவிட்டால் இருவருக்கும் வெட்கம். தாண்டியவர் திரும்பி வர மாட்டார். கடைக்காரரும் தெருவில் இறங்கிக் கூப்பிட மாட்டார். அதனால் பழகிய வாடிக்கையாளர்கள் கேட்டுக்கு ஓரடி முன்பு வந்ததும் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து நிற்பார்கள்.

2016-இல் பில் ஏறியபோது மோகனராஜ் இந்த வித்தையை முதல்முறையாக நிறுவனத்திடம் காட்டினார். தொலைபேசியில் கூப்பிட்டு, தமது குரலை இறக்கிக்கொண்டு, தமக்குக் கோபமில்லை, வருத்தம்தான் என்றார். ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, விலையைக் குறைக்காவிட்டால் கட் பண்ணிவிடுங்கள் என்று சொல்லிப் பேசாமல் இருந்தார். முதலில் வாயைத் திறப்பவருக்குத் தோல்வி என்பது அவர் கணக்கு. மறுநாள் நிறுவனமே அவரைக் கூப்பிட்டு இருபத்தெட்டு வெள்ளிக்குமேல் குறைத்தது.

செய்தி மாடி மாடியாகப் பரவியது. கீழ்த்தளத்தில் தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர், விற்கும் கடை வைத்திருக்கும் முகம்மது சுல்தான் முதலில் பில்லோடு வந்தார். பிறகு மழலையர் பள்ளியில் வேலை பார்க்கும் ரோஹானா வந்தார். மோகனராஜின் கைப்பேசியிலிருந்துதான் கூப்பிடுவார்கள். பில்லின் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அடையாள அட்டை எண்ணைச் சொல்லிவிட்டு, கைப்பேசியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்குமேல் அவர் பார்த்துக்கொள்வார். கூலி ஒரு தே. ஒன்பது வருடங்களில் அவர் தம்முடையதையும் சேர்த்துப் பதினான்கு கணக்குகளுக்கு விலை இறக்கினார். மனைவி காமினி மட்டும் இதை ஒரு வேலையாக மதிக்கவில்லை.

இந்த வருடம் ஆகஸ்டில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்காக மோகனராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் தொப்பி போட்ட இரண்டு பேர் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் வரும் என்று முக்கால் மணி நேரம் பார்த்தார். ஒரு மீன் மாட்டியது. அதையும் அவர்கள் திருப்பி ஏரியில் விட்டுவிட்டார்கள். விசாரித்தபோது, அந்த ஆட்டம் வேறொரு நிறுவனத்தின் செயலிக்குப் போய்விட்டது, அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அடுத்த மாதம் விளையாட்டுத் தொகுப்பின் விலையும் ஏறியது. மீன் பார்க்கவா நூற்று எண்பத்தொன்பது வெள்ளி என்று மோகனராஜ் லிஃப்டில் வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். இந்த முறை நாற்பது விழுக்காடு குறைத்தே தீருவேன் என்றும் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெரிய ஆட்டம் இருந்தது. ஒரு பக்கம் மோகனராஜ் ஆதரிக்கும் குழு, மறுபக்கம் காமினியின் தம்பி வாசு ஆதரிக்கும் குழு. குழுக்களின் பெயர்களை எழுத வேண்டாம் என்று காமினி கேட்டுக்கொண்டார். மாடியில் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம். பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலைத் தொழில்நுட்பராக இருக்கும் வாசு எல்லாவற்றையும் கைப்பேசியில் பார்ப்பவர். "இன்னும் வெளிய டிஷ் தட்டு மாட்டித்தான் பாக்குறீங்களா, மச்சான்?" என்று வரும்போதெல்லாம் கேட்பார். இந்த முறை தம் வீட்டுக் கூடத்தில், பெரிய திரையில், இறக்கிய விலையில் வாசுவுக்கு ஆட்டத்தைக் காட்டுவதென்று மோகனராஜ் முடிவு செய்தார். மாடி முழுவதையும் அழைத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை மோகனராஜ் வேலையிலிருந்து வந்ததும் சுல்தானும், ரோஹானாவும், மூன்றாவது வீட்டு இத்ரீஸும் பில்களோடு வந்தார்கள். அன்று தமிழ் இணைப்பில் இருந்தவர் ஹுஸ்னா என்ற பெண். மூவருக்காகவும் மோகனராஜ் பேசினார். மூன்று தடவையும் அந்தப் பெண் மறுக்காமல் சரி என்றார். முன்பெல்லாம் மேலதிகாரிக்கு மாற்றுவார்கள், இப்போது மாற்றவில்லை. அதிகாரிகள் பயந்துபோய்த் தனியாகக் கூடிப் பேசுகிறார்கள் என்று மோகனராஜ் விளக்கினார்.

"அந்தப் பொண்ணு ரொம்ப சந்தோஷமா ஓகே சொன்ன மாதிரி இருந்திச்சே, அண்ணே?" என்றார் ரோஹானா.

"அது ட்ரெய்னிங் லா. நாளைக்குக் கூப்பிடுவாங்க பாரு."

கடைசியாகத் தம்முடைய கணக்கு. கோபமில்லை, வருத்தம்தான் என்றார். பெருமூச்சு விட்டார்.

"நாப்பது பெர்சென்ட் குறைங்க. இல்லன்னா கட் பண்ணிடுங்கம்மா."

"சரிங்க சார். உங்க முடிவ மதிக்கிறோம். பதினோரு வருஷம் எங்களோட இருந்ததுக்கு ரொம்ப நன்றி. வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

மோகனராஜ் மரியாதைக்கு, வேறொன்றும் வேண்டாம் என்றார். அடுப்படியிலிருந்து காமினி, கட் ஆகிவிட்டதா என்று கேட்டார்.

"இல்ல. இப்பத்தான் கேட் பக்கம் நடந்து போயிக்கிட்டு இருக்கேன்."

"போன்ல ஏதுங்க கேட்டு?" என்றார் காமினி.

மோகனராஜ் கைப்பேசியைச் சார்ஜில் போடப் போனார்.

சனிக்கிழமை முழுவதும் அவர் அந்த அழைப்புக்காகக் காத்திருந்தார். சந்தையில் ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் கெம்போங் மீன். குளிக்கும்போது கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. மாலைக்குள் சுல்தான், ரோஹானா, இத்ரீஸ் மூவர் வீட்டுத் திரைகளும் அணைந்தன. ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். கம்பெனிக்காரர்கள் நெருக்கிப் பார்க்கிறார்கள், பணிந்துவிடாதீர்கள், ஆட்டத்தை என் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூவருக்கும் தைரியம் சொன்னார். ஞாயிறு நண்பகலில் அவருடைய திரையும் நீலமானது. இதை அவர் காமினியிடம்கூடச் சொல்லவில்லை. அழைப்பு வந்தால் போதும், அங்கே ஒரு பொத்தானைத் தட்டினால் இங்கே படம் வந்துவிடும். ஒன்பது மணி வரை நேரம் இருக்கிறது.

எட்டு மணியிலிருந்தே ஆட்கள் மடக்கு நாற்காலிகளோடு வர ஆரம்பித்தார்கள். சுல்தான் கடையைச் சாத்திவிட்டு, இறைச்சி அடைத்த முர்தபாக் ரொட்டியும் பைகளில் கட்டிய தேவும் கொண்டுவந்தார். வாசு தம் குழுவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, நன்றாகத் தெரியும்படி நடு நாற்காலியில் உட்கார்ந்தார். டிவியை ஏன் போடவில்லை என்று இத்ரீஸ் கேட்டதற்கு, முன்னதாகவே போட்டால் சூடாகிவிடும் என்றார் மோகனராஜ். பதினோரு பேர் அணைந்த திரையைப் பார்த்தபடி முர்தபாக் சாப்பிட்டார்கள்.

எட்டு நாற்பதுக்குக் கைப்பேசி அடித்தது. கோலாலம்பூர் எண். மோகனராஜ் எல்லோரையும் கையமர்த்திவிட்டு எடுத்தார். பேசியவன் சுங்கத் துறையிலிருந்து பேசுவதாகச் சொன்னான். மோகனராஜின் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறதாம், கைது ஆணை தயாராம், மூவாயிரம் வெள்ளி கட்டினால் முடித்துவிடலாமாம். ஊரில் எல்லோருக்கும் வரும் ஏமாற்று அழைப்புதான். ஆனால் மூன்று நாட்களாகக் காத்திருந்த மோகனராஜுக்கு அது நிறுவனத்தின் புதுப் பேச்சு முறையாகவே பட்டது. கோபமில்லை, வருத்தம்தான் என்றார். பெருமூச்சு விட்டார். நாற்பது விழுக்காடு குறைக்கச் சொன்னார். பிறகு அவன் ஆயிரத்து எண்ணூறுக்கு இறங்கி வந்தான்.

அதில் விளையாட்டுத் தொகுப்பும் சேர்த்தியா என்று மோகனராஜ் கேட்டதும் அவன் துண்டித்துவிட்டான்.

வாசு எழுந்து ரிமோட்டை எடுத்து அழுத்தினார். நீலத் திரையில், வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி இந்தக் கணக்கு முடிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு மோகனராஜைப் பார்த்தார்கள்.

"அண்ணே," என்றார் சுல்தான் மெதுவாக, "அப்ப நாம நாலு பேருமே கேட்டத் தாண்டிட்டோமா?"

மோகனராஜ் உட்கார்ந்துவிட்டார்.

"தாண்டிட்டோம், தம்பி."

வாசு சிரிக்கவில்லை. அதை மோகனராஜ் இன்றும் சொல்கிறார். தம் கைப்பேசியை எடுத்து டிஸ்யூ டப்பாவில் சாய்த்து வைத்து ஆட்டத்தைப் போட்டார். பதினோரு தலைகள் அதைச் சுற்றிக் குனிந்தன. ஆட்டக்காரர்கள் கட்டெறும்பு அளவில் இருந்தார்கள். பந்து கண்ணுக்கே தெரியவில்லை. மோகனராஜ் வெகுநேரம் திரையில் ஒட்டியிருந்த முர்தபாக் துணுக்கைப் பந்து என்று நினைத்துக்கொண்டு, இவ்வளவு நேரமாக அதை ஏன் ஒருவரும் உதைக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கைப்பேசியில் படம் தாமதமாகத்தான் வந்தது. எதிர் புளோக்கில் ஆரவாரம் எழுந்து அரை நிமிடம் கழித்தே இங்கே கோல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ரோஹானா நடைபாதையில் போய் நின்றுகொண்டு, இப்போது ஒன்று வரும், எல்லோரும் உற்றுப் பாருங்கள் என்று அறிவிக்கத் தொடங்கினார்.

"மாசம் நூத்தி எண்பத்தொம்பது கட்டுனா பந்து தெரியுமோ, மச்சான்?" என்றார் வாசு. அதற்குமேல் அவராலும் பொறுக்க முடியவில்லை.

"மீனு தெரியும்," என்றார் மோகனராஜ்.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டில் முடிந்தது.

மறுநாள் காமினி அரைநாள் விடுப்பெடுத்து, ரோஹானாவையும் சுல்தானின் மனைவி நோர்மாவையும் இத்ரீஸின் மனைவியையும் கூட்டிக்கொண்டு நிறுவனத்தின் கவுண்டருக்குப் போனார். பழைய கணக்குக்காரர்கள் திரும்பி வந்தால் முழு விலை. ஆனால் இதுவரை கணக்கே இல்லாதவர்களுக்கு ஒரு வருடத்துக்கு விளையாட்டுத் தொகுப்போடு மாதம் 79.90. காமினி கையெழுத்துப் போட்டார். நோர்மாவும் இத்ரீஸின் மனைவியும் போட்டார்கள். ரோஹானா தம் தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டு அவர் பெயரில் போடவைத்தார். யாரும் பேரம் பேசவில்லை, பெருமூச்சு விடவில்லை. மோகனராஜ் ஒன்பது வருடங்களில் எட்டிய மிகக் குறைந்த விலை 99.00. அன்று இரவு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பில் குறைந்தது, பேரும் குறைந்தது. பில்லோடு யாரும் அவரைத் தேடி வரவில்லை. சுல்தான் கடையில் தேவுக்குச் சீனி குறைவாகக் கேட்பவர்கள், இல்லாவிட்டால் கட் பண்ணிவிடுங்கள் என்று சேர்த்துச் சொல்லிச் சிரித்தார்கள். தீபாவளிக்கு வந்த வாசுவின் பிள்ளைகள், கோபமில்லை மாமா, வருத்தம்தான் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். மோகனராஜ் ஜுருவிலேயே தே குடித்துவிட்டு, கடைப்பக்கம் வராமல் பின்வாசல் படிகளில் ஒன்பது மாடி ஏறினார். காமினி அதைப் பார்த்துவிட்டு, லிஃப்டையும் கட் பண்ணிவிட்டீர்களா என்று கேட்டார்.

நிறுவனத்திடமிருந்து அவருக்கு மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவது, பழைய டிக்கோடர் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. கொடுத்தார். இரண்டாவது, சந்தாவை முடித்த அனுபவம் எப்படி இருந்தது, மதிப்பெண் போடுங்கள் என்று கேட்டது. ஹுஸ்னா மரியாதையாகப் பேசியதால் பத்துக்குப் பத்து போட்டு அனுப்பினார்.

மூன்றாவதை வாசலிலேயே நின்று பிரித்தார். அவருடைய தொலைபேசி எண்ணைக் குறிப்பிட்டு, அதிலிருந்து பதினான்கு கணக்குகள் தொடர்பாக விலைக்கழிவு கேட்டு அழைப்புகள் வந்திருப்பதை நிறுவனம் கவனித்திருப்பதாகவும், இனி அந்த எண்ணிலிருந்து வரும் எந்தக் கோரிக்கையும் ஏற்கப்படாது என்றும், இதுவே இறுதிக் கடிதம் என்றும் எழுதியிருந்தது. மோகனராஜ் உள்ளே போய் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, லிஃப்டில் இறங்கி, சுல்தான் கடையில் நடு மேசையில் உட்கார்ந்து அதை உரக்கப் படித்தார்.

சுல்தான் கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "அவ்ளோ பெரிய கம்பெனி, ஒங்க ஒரு நம்பருக்குப் பூட்டுப் போட்டிருக்கு, அண்ணே."

"பயம் லா," என்றார் மோகனராஜ்.

அன்று அவரிடம் தேவுக்குக் காசு வாங்கவில்லை. கடிதத்தைச் சுல்தான் லேமினேட் செய்து, விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் மாட்டினார். மாட்டுவதற்கு முன் மோகனராஜ் பேனாவை வாங்கி, அது வந்து சேர்ந்த தேதியை மேல் மூலையில் எழுதினார்: 27.11.2025.